அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள்: மறைந்தவரின் நினைவைத் திரட்ட ஒரு வழிகாட்டி

மறைந்தவர்களைப் பற்றிய குறிப்புகளில் மூன்று தொடர்கள் திரும்பத் திரும்ப வரும். குடும்பத்தின் மீது உயிரையே வைத்திருந்தார். பிறருக்கு உதவுவதில் முன்நின்றார். இயற்கையை நேசித்தார். மூன்றும் முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் அதே வரிகள் வேறு எவருக்கும் பொருந்திவிடும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தாரால் அந்த நேரத்தில் அதற்கு மேல் யோசிக்க முடிவதில்லை. அது அவர்கள் குற்றமல்ல. யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக் கேட்டு, திரட்டி, எழுதிவைத்தால்தான் அந்த மனிதரின் உண்மையான சாயல் பிறருக்குத் தெரியவரும்.

அப்படிப் பொறுப்பெடுத்துக்கொள்ளும் ஒருவருக்காகவே இந்தக் கட்டுரை. இதற்கு முன் நினைவுரை எழுதியதில்லை, பழைய படங்களைக் கையாளத் தெரியாது, நினைவாக ஒரு மரம் நட வேண்டும் ஆனால் எங்கே தொடங்குவது என்று புரியவில்லை என்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: குணங்களைப் பட்டியலிடுவதை விட்டுச் செயல்களைத் தேடுங்கள். அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், யாருடன் செய்தார், அவற்றில் எதை இனி நாம் செய்யப்போகிறோம் என்று கேளுங்கள்.

1. கைபேசியையும் கணக்குகளையும் முதலில் காப்பாற்றுங்கள்

எழுதுவதற்கு நேரம் இருக்கிறது. மின்னணுத் தடயங்களுக்கு அந்த அவகாசம் இல்லை. மறைந்தவரின் கைபேசி இணைப்பை உடனே துண்டிக்காதீர்கள். வங்கி முதல் மின்னஞ்சல் வரை பல கணக்குகளின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். சிம் கார்டைக் குறைந்த கட்டணத் திட்டத்தில் சில மாதங்கள் உயிர்ப்புடன் வைத்திருங்கள். கைபேசி பூட்டியிருந்தால் ஊகித்து ஊகித்துக் கடவு எண்ணை அழுத்த வேண்டாம். சில கருவிகள் தவறான முயற்சிகள் கூடினால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

சில காலக்கெடுக்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸாப் கணக்கு 120 நாட்கள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். அதற்குள் உரையாடல்களையும், முக்கியமாகக் குரல் பதிவுகளையும், வேறு இடத்துக்கு ஏற்றுமதி செய்துவிடுங்கள். குடும்பத்தினர் ஒவ்வொருவரும் தம் கைபேசியில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளைத் தேடிப் பார்க்கட்டும். "வந்து சேர்ந்தாயா?" என்று கேட்கும் ஐந்து விநாடிப் பதிவுகூடப் பின்னாளில் விலைமதிப்பற்றது. கூகுள் 2023-இல் அறிவித்த விதிப்படி, இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கை, அதிலுள்ள படங்கள் உட்பட, அந்நிறுவனம் நீக்கலாம். மறைந்தவர் தம் காலத்திலேயே கூகுளின் செயலற்ற கணக்கு மேலாளர் வசதியிலோ, ஆப்பிள் 2021 இறுதியில் கொண்டுவந்த வாரிசுத் தொடர்பு வசதியிலோ உங்கள் பெயரைச் சேர்த்திருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் இறப்புச் சான்றிதழுடன் அந்த நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஃபேஸ்புக் பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றக் கோரலாம். மாற்றிய பிறகு அந்தக் கணக்கில் யாரும் உள்நுழைய முடியாது. எனவே குடும்பத்தினர் அனைவரும் பேசி முடிவெடுத்த பின்னரே விண்ணப்பியுங்கள்.

2. தேதிகளையும் பெயர்களையும் சரிபாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, பிறந்த தேதி, ஊர், பெற்றோர், படித்த இடங்கள், வேலைகள், திருமண நாள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகியவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது ஆவணத்திலிருந்து வந்ததா, யாராவது சொன்னதா என்று குறியுங்கள். பெயர் விடுபடுவதால் வரும் மனத்தாங்கல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ஆகவே உறவினர் பட்டியலைக் குடும்பத்தின் இரு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொருவர் படித்துப் பார்க்கட்டும். மறுமணம், தத்து, பிரிந்த உறவுகள் இருக்கும் குடும்பங்களில் யாரை எப்படிக் குறிப்பிடுவது என்று அச்சுக்குப் போகும் முன்பே கேட்டுவிடுங்கள். இறப்புக்கான காரணத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதையும் நெருங்கிய குடும்பத்தாரே தீர்மானிக்க வேண்டும்.

3. கேளுங்கள், கேட்டதைப் பதிவு செய்யுங்கள்

மொத்த வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். இதற்குச் செலவிடும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

முதலில் மூன்று வட்டங்களாக ஆட்களை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் உடன் வாழ்ந்தவர்கள், தொண்டிலும் பணியிலும் உடன் நின்றவர்கள், நடையிலும் மலையேற்றத்திலும் மீன்பிடியிலும் தோட்டத்திலும் உடன் இருந்தவர்கள். இந்த மூன்று வட்டங்களும் பெரும்பாலும் ஒன்றையொன்று அறியாதவை. ஒருவர் வீட்டில் அதிகம் பேசாதவராகவும், காட்டுப் பாதையில் இறங்கியதும் கதை சொல்லி ஓயாதவராகவும் இருந்திருக்கலாம். அந்த இன்னொரு முகத்தைப் பிள்ளைகள் முதன்முறையாகக் கேட்டறிவதுபோல் ஆறுதல் தருவது வேறில்லை என்பது என் அனுபவம். மூத்தவர்களிடம் முதலில் போங்கள், அவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போட வேண்டாம். சிறுவர்களையும் விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் மறந்துவிடுகிற விவரங்கள் அவர்களிடம்தான் இருக்கும்: தாத்தாவின் பையில் எந்தப் பக்கத்தில் விசில் இருக்கும், வண்டுகளைப் பிடிக்கும்போது அவர் விரல்களை எப்படி வைத்துக்கொள்வார் என்பதெல்லாம்.

"அவர் எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ரொம்ப நல்லவர்" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். செயலை நோக்கி இழுக்கும் கேள்விகளைக் கேளுங்கள். கடைசியாகச் சேர்ந்து வெளியே போன நாளில் என்ன செய்தீர்கள்? வெளியே கிளம்பும் முன் அவர் எதைச் சரிபார்ப்பார்? மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வார்? உங்களுக்கு அவர் எதைக் கற்றுக்கொடுத்தார், எப்படிக் கற்றுக்கொடுத்தார்? எதற்குக் கோபப்படுவார்? யாருக்கும் தெரியாமல் செய்த உதவி எதையாவது பார்த்திருக்கிறீர்களா? அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை எது? கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். ஒருவர் நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்றுப் பொறுத்தால், அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் பெரும்பாலும் நல்ல கதை வரும்.

பதிவு செய்யக் கைபேசி போதும். அனுமதி கேட்டுவிட்டு, விமானப் பயன்முறையில் போட்டு, பேசுபவருக்கு அருகில் மடித்த துணியின் மேல் வையுங்கள். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவரின் பெயர், மறைந்தவருக்கு அவர் என்ன உறவு என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முகமற்ற ஒரு கோப்பாக அது பிற்காலத்தில் கிடக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்காரவைக்க வேண்டாம். அழுகை வந்தால் நிறுத்திவிட்டு, தொடரலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொல்வார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும் யார் சொன்னது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது தேதி, இடம் போன்றவற்றில் மட்டும் ஆவணத்தைப் பின்பற்றினால் போதும்.

4. குடும்பம், தொண்டு, திறந்தவெளி: மூன்று இழைகளையும் தனித்தனியாகத் தேடுங்கள்

குடும்ப இழை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதைகள் தாமாகவே வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லாமே அவர் பிறருக்குக் கொடுத்ததாக மட்டும் இருந்தால் அவர் சிலையாகிவிடுவார். அவரை யார் கவனித்துக்கொண்டார்கள், நோயில் யார் துணையிருந்தார்கள், அவர் யாரிடம் மன்னிப்புக் கேட்டார் என்பதும் குடும்ப வாழ்க்கைதான்.

தொண்டு இழைக்கு இரண்டு வகைப் பொறுமை வேண்டும். அவர் சீருடைப் பணியில் இருந்தவர் என்றால், படைப்பிரிவு, பதவி, பணிக்காலம், விருதுகள் ஆகியவற்றை ஆவணத்தைப் பார்த்தே எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் பதவி ஒரு படி உயர்ந்துவிடும். உடன் பணியாற்றியவர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், குடும்பத்துக்கும் சங்கடம். பணிவிடுவிப்புச் சான்று, பழைய அடையாள அட்டை, கடிதங்கள் ஆகியவற்றை வீட்டில் தேடிவிட்டு, மேலும் தேவைப்பட்டால் உரிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். வீட்டிலிருக்கும் தாளை அற்பமாக நினைக்காதீர்கள். 1973-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள பணியாளர் ஆவண மையத்தில் ஏற்பட்ட தீயில் சுமார் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையான படைவீரர் கோப்புகள் அழிந்தன. அவர்களில் பலரது குடும்பங்களுக்கு அலமாரியில் கிடந்த ஒரு நகல்தான் சான்றாக மிஞ்சியது.

தன்னார்வத் தொண்டாக இருந்தால் விருதுகளைவிட வழக்கங்களைக் கேளுங்கள். எந்தக் கிழமை போவார், எத்தனை மணிக்குத் திறப்பார், யாரும் விரும்பாத எந்த வேலையைத் தாமே எடுத்துக்கொள்வார் என்று விசாரியுங்கள். கூட்டக் குறிப்பேடுகளையும் வருகைப் பதிவேடுகளையும் பார்க்க அனுமதி கேட்டால் பெரும்பாலான அமைப்புகள் மறுக்க மாட்டார்கள். உதவி பெற்றவர்களின் பெயரை அவர்களின் சம்மதமின்றி ஒருபோதும் எழுதாதீர்கள். யாருடைய படிப்புக் கட்டணத்தைச் செலுத்தினார், யாரை மதுவிலிருந்து மீட்டார் என்பதெல்லாம் அவர்களின் சொந்த வாழ்க்கை. "பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்" என்று எழுதினாலும் அக்கம்பக்கத்தார் அடையாளம் கண்டுகொள்ளும்படி இருந்தால் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

திறந்தவெளி இழை பொருட்களில் ஒளிந்திருக்கிறது. தேய்ந்த நடைக் காலணி, மடிப்பில் கிழிந்த வரைபடம், இருகண் நோக்கி, தூண்டில் பெட்டி, விதைகளைப் போட்டுவைத்த உறைகள் என்று எதையும் சுத்தம் செய்யும் முன் இருந்தபடியே படம் எடுங்கள். வரைபடத்தில் பென்சிலால் இட்ட குறிகளை யாரும் அழித்துவிடக் கூடாது. அவரது கைபேசிப் படங்களில் இட விவரம் பதிவாகியிருந்தால், அவற்றை வரைபடக் காட்சியில் பாருங்கள். அவர் எங்கெல்லாம் நின்றார், எந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார் என்பது புள்ளிகளாகத் தெரியும். குடும்பமே அறியாத ஒரு குளக்கரையோ மலைத் திருப்பமோ அதில் வெளிப்படலாம்.

பறவைகளைக் குறித்துவைத்த ஏடுகள் இருந்தால் அவற்றுக்கு அறிவியல் மதிப்பும் உண்டு. 2002-இல் தொடங்கப்பட்ட இ-பேர்ட் தளம் பழைய தேதியிட்ட பறவைப் பட்டியல்களையும் ஏற்கிறது. தேதி, இடம், இனம், எண்ணிக்கை இருந்தால் பதிவு பயனுள்ளதாகும். அவர் கண்டவற்றை உங்கள் கணக்கில் கலந்துவிடாமல் தனிக் கணக்கில் இடுவதுதான் முறை. 2008-இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளமோ அவரவர் நேரில் கண்டதைப் பதிவதற்கானது. அதை நீங்கள் அவர் நடந்த பாதையில் நடந்து உங்கள் கண்ணால் பார்ப்பவற்றுக்குப் பயன்படுத்துங்கள். ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த வரி, ஒரு பறவை அந்த இடத்தில் இருந்ததற்குச் சான்றாக நிற்பது எவ்வளவு பெரிய நினைவுச் சின்னம்!

5. படங்கள், நெகட்டிவ்கள், கேசட்டுகள்

தாள் படங்களை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் படம் அந்த அளவில் ஏறத்தாழ 2400-க்கு 3600 புள்ளிகள் கொண்டதாக வரும். பெரிதாக்கி அச்சிடப் போதுமானது. 35 மில்லிமீட்டர் நெகட்டிவ்களும் ஸ்லைடுகளும் மிகச் சிறியவை என்பதால் அவற்றுக்கு 3000 முதல் 4000 டிபிஐ தேவை. மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் வைத்து, பகிர்வதற்கு ஜேபெக் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் கையெழுத்தும் அவர் விட்டுச்சென்றதுதான். நீங்கள் புதிதாகக் குறிப்பு எழுத நேர்ந்தால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மெதுவாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் மறுபக்கத்தில் தழும்பாகத் தெரியும், மையும் ஊறும்.

1970-களிலும் 80-களிலும் பரவலாக இருந்த பசைப்பக்க ஆல்பங்களில் படங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்துப் பிய்க்காதீர்கள். முதலில் பக்கத்தை முழுதாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் விட்டு மெல்ல அறுப்பதுபோல் நகர்த்தினால் பல படங்கள் விடுபடும். விடுபடாதவற்றை அப்படியே ஸ்கேன் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய பிலிம் சுருளைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. மற்ற சுருள்களிலிருந்து உடனே பிரித்து, முதலில் அதை எண்மமாக்கக் கொடுங்கள். வீடியோ கேசட்டுகளையும் தாமதிக்க வேண்டாம். விஎச்எஸ் கருவிகளைக் கடைசியாகத் தயாரித்துவந்த நிறுவனம் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையிலுள்ள கருவிகள் ஆண்டுதோறும் குறைகின்றன.

கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். அப்போதுதான் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். தேதி தெரியாவிட்டால் "1980கள்" என்று எழுதினால் போதும். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகள், ஒரு நகல் வேறொரு வீட்டில் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் நல்ல விதி.

6. நினைவுரையை எழுதுவது

கேட்டவற்றை எல்லாம் மேசை மேல் பரப்பிய பிறகே எழுத உட்காருங்கள். பிறப்பில் தொடங்கி இறப்பில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் செய்துகொண்டிருக்கும் ஒரு செயலில் தொடங்குங்கள். வாழ்க்கைக் குறிப்புகள் நடுவில் ஒரு பத்தியில் அடங்கிவிடும்.

ஒரு மாதிரி காட்டுகிறேன். "இயற்கையின் மீது பேரன்பு கொண்ட அவர், குடும்பத்தையும் சமுதாயத்தையும் இரு கண்களாகப் போற்றினார்" என்று எழுதினால் யாரும் நினைவுக்கு வரமாட்டார். அதையே இப்படி எழுதலாம்: "ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் எழுந்து, பிள்ளைகளின் காலணிகளைக் கதவருகே வரிசையாக வைத்துவிடுவார். ஏரியைச் சுற்றி நடக்கும்போது கையில் ஒரு சாக்குப் பை இருக்கும். திரும்பி வரும்போது அதில் மற்றவர்கள் எறிந்த குப்பை நிறைந்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. சில மாதங்களில் பிள்ளைகளும் ஆளுக்கொரு பை எடுத்துவரத் தொடங்கினார்கள்." குடும்பம், தொண்டு, திறந்தவெளி மூன்றும் இதில் இருக்கின்றன. மூன்று சொற்களில் ஒன்றுகூட இல்லை.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இது வேறொருவருக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால் அடித்துவிடுங்கள், அல்லது அதற்கான நிகழ்ச்சியைத் தேடி வையுங்கள். "எப்போதும்", "எல்லோருக்கும்", "ஒருபோதும்" போன்ற சொற்கள் வரும் இடங்களில் பெரும்பாலும் விவரம் குறைந்திருக்கும்.

குறைகளைச் சொல்லலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். சொல்லலாம், அன்போடு. நேரம் தவறினால் பொறுக்காதவர், மருத்துவரிடம் போகச் சொன்னால் கேட்காதவர், வழி தெரியாவிட்டாலும் யாரிடமும் விசாரிக்காதவர் என்பதைக் கேட்கும்போது கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும், எல்லோருக்கும் அவர் சட்டென்று நெருக்கமாவார். யாரையாவது உண்மையில் காயப்படுத்திய செயல்களுக்குப் பொது மேடை இடமல்ல. அதே நேரத்தில் அவற்றை மூடி மறைக்கும் மிகைப் புகழ்ச்சியும் வேண்டாம். காயப்பட்டவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

7. வாசிக்கும் நாள்

ஐந்து நிமிடத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். சொற்களை எண்ணிக் கணக்கிடுவதைவிடக் கடிகாரம் வைத்து வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது நம்பகமானது. துக்கத்தில் குரல் மெதுவாகும் என்பதால் வீட்டில் நான்கு நிமிடம் வந்தாலே சரி. பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, பக்க எண் போடுங்கள். இன்னொரு பிரதியை நம்பகமான ஒருவர் கையில் கொடுத்து வைத்திருங்கள். உங்கள் குரல் உடைந்தால் அவர் தொடர்வார் என்ற உறுதியே உங்களைப் பெரும்பாலும் கடைசி வரி வரை கொண்டுபோய்விடும்.

கூட்டத்தைத் திறந்தவெளியில் வைக்க விரும்பினால், இடத்துக்கு உரியவரின் அனுமதி, முதியவர்களுக்கு நாற்காலி, சக்கர நாற்காலி போகக்கூடிய பாதை, மழைக்கு மாற்று இடம், இருட்டும் நேரம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். காற்று தாளைப் பறக்கவிடும், குரலையும் விழுங்கும். அட்டையில் கவ்விய தாளும் நுரை உறையிட்ட மைக்கும் தேவைப்படும். மறைந்தவர் ஏறிய உச்சிக்கே எல்லோரையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற ஆசை அழகானதுதான். ஆனால் அவருடைய அக்காவால் அங்கே ஏற முடியாது என்றால் அடிவாரமே சரியான இடம்.

8. மண்ணில் வைக்கும் நினைவு

மரம் நடுவது பலரின் முதல் எண்ணம். நல்ல எண்ணம், ஆனால் நடுவதைவிட வளர்ப்பதுதான் வேலை. அந்தப் பகுதிக்கு இயல்பான இனத்தைத் தேர்ந்தெடுங்கள். முழு வளர்ச்சியில் அதன் உயரமும் விரிவும் என்ன, மேலே மின்கம்பி போகிறதா, கீழே குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். குழி, கன்றின் வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்த வேர்ப்பந்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கலாம். ஆழம் மட்டும் வேர்ப்பந்தின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தண்டு விரிந்து வேராகும் இடம் மண்மட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதைப் புதைத்து நடுவதால் நின்றபடியே நலியும் மரங்கள் ஏராளம். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தடிமனில் சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். முட்டுக்கோல் வைத்தால் ஓராண்டுக்குள் எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பதை நடும் முன்பே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். மரம் பட்டுப்போனால் குடும்பம் இரண்டாம் முறை துக்கப்படும். அப்படி நேர்ந்தால் வேறொன்று நடுவோம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

உடல் எரியூட்டப்பட்ட சாம்பலை மரத்தின் வேரில் நேரடியாகக் கொட்டாதீர்கள். அது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. காரத்தன்மையும் உப்பும் மிகுதி என்பதால் இளங்கன்றைக் கருக்கும். தூவுவதற்கு அனுமதியுள்ள இடம் என்றால் பரவலாக, மெல்லிய அடுக்காகத் தூவ வேண்டும். எல்லோரும் ஒரே சிகரத்தைத் தேர்ந்தெடுத்தால் அங்குள்ள மண்ணின் தன்மையே மாறி, அவர் நேசித்த சிறு தாவரங்களுக்குக் கேடாகும்.

நினைவு இருக்கை வைக்க விரும்பினால் நிர்வாகத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை ஆண்டுகளுக்கு, பழுதானால் யார் சரிசெய்வது, காலம் முடிந்ததும் பெயர்ப் பலகை என்ன ஆகும்? பல இடங்களில் இது நிரந்தரம் அல்ல, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான்.

பலூன்களையும் வான விளக்குகளையும் பறக்கவிடாதீர்கள். அவை எங்கோ விழுந்து விலங்குகளின் வயிற்றிலும் கழுத்திலும் முடிகின்றன, விளக்குகள் தீயும் மூட்டுகின்றன. மரப்பட்டையிலும் பாறையிலும் பெயர் செதுக்குவது, பிளாஸ்டிக் மாலைகளைக் காட்டில் விட்டுவருவது, ஓடைக் கற்களை எடுத்து அடுக்குவது ஆகியவையும் வேண்டாம். வந்த சுவடு தெரியாமல் திரும்ப வேண்டும் என்று வாழ்ந்த மனிதருக்கு அவர் பெயராலேயே ஒரு தழும்பை விட்டுச்செல்வது எனக்கு ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, அவர் நடந்த பாதையை ஒரு நாள் ஒன்றுகூடிச் சீர்செய்யுங்கள். பொறுப்பிலுள்ளவர்களிடம் கேட்டால் எங்கே மண் அரிக்கிறது, எந்தப் படிக்கட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்வார்கள்.

9. அவர் விட்ட வேலையை எடுத்துக்கொள்வது

அறக்கட்டளை தொடங்கலாம் என்ற பேச்சு முதல் மாதத்தில் எல்லாக் குடும்பங்களிலும் எழும். உணர்ச்சி வேகத்தில் தொடங்காதீர்கள். பதிவு, கணக்கு, தணிக்கை, ஆண்டறிக்கை என்று அது ஒரு தொடர் நிர்வாகம். அதை நடத்த ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி, பணம் அல்ல. ஏற்கெனவே இயங்கும், அவர் மதித்த ஓர் அமைப்புக்கு அவர் பெயரில் குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காகப் பணம் தருவது பெரும்பாலான குடும்பங்களுக்கு மேலான வழி. நன்கொடை கேட்டு அறிவிப்பு வெளியிட்டால், பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது, எந்தத் தேதியுடன் வசூல் முடிகிறது, எவ்வளவு சேர்ந்தது என்பதைக் கொடுத்தவர்களுக்கு எழுதித் தெரிவியுங்கள்.

பணத்தைவிட நான் வற்புறுத்துவது நேரத்தை. அவர் போனதால் இப்போது எந்த வேலை செய்ய ஆளின்றி நிற்கிறது என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. தனியாக இருக்கும் முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போனவர் இல்லை. அந்த முதியவருக்கு அடுத்த வாரமும் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும். குடும்பத்தில் நான்கு பேர் முறைவைத்து அதை எடுத்துக்கொண்டால், அவரைப் பற்றிய எந்தப் பேச்சையும் விட அது அவருக்கு நெருக்கமானது. எங்கள் பெரியப்பா மறைந்தபோது, அவர் வாராவாரம் திறந்துவைத்த சிறு நூலகத்தின் சாவியை அவருடைய மகள் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தச் சாவி கைமாறியதைத்தான் நான் அவருக்கான அஞ்சலியாக நினைவில் வைத்திருக்கிறேன்.

துக்கத்திலிருந்து மீள மறைந்தவரிடமிருந்து மனத்தை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. 1996-இல் டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் "தொடரும் பிணைப்பு" என்ற கருத்தை முன்வைத்தார்கள். உறவு அறுந்துபோவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது, அது நோயின் அறிகுறி அல்ல என்பது அதன் சாரம். அவர் தொப்பியை அணிந்துகொண்டு அவர் பாதையில் நடக்கும் பேத்தியை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் மாதங்கள் பல கடந்தும் உண்ண, உறங்க, வேலை செய்ய இயலாமல் ஒருவர் இருந்தால் மனநல மருத்துவரின் உதவியைத் தயங்காமல் நாடுங்கள்.

பொருட்களைப் பங்கிடும்போது, பயன்படுத்துபவருக்கே முன்னுரிமை கொடுங்கள். தூண்டில் மீன்பிடிப்பவருக்கு, கூடாரம் முகாமுக்குப் போகிறவருக்கு, கத்தரிக்கோல் தோட்டம் வைத்திருப்பவருக்கு. துணிமணிகளை உடனே கொடுத்துவிட வேண்டும் என்று யாரையும் நெருக்க வேண்டாம்.

10. எல்லாவற்றையும் செய்ய முடியாவிட்டால்

இரண்டை மட்டும் செய்யுங்கள்: கைபேசியிலுள்ள படங்களையும் குரலையும் நகலெடுங்கள், குடும்பத்தின் மிக மூத்தவரிடம் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்யுங்கள். மற்றவை அடுத்த ஆண்டுக்கும் காத்திருக்கும்.

செய்து முடித்தவர்கள், தொகுத்ததைக் கதை சொன்ன ஒவ்வொருவருக்கும் அனுப்பிவையுங்கள். படிக்கும்போது அவர்களுக்குப் புதிதாக ஏதாவது நினைவுக்கு வரும், சில தேதிகளைத் திருத்துவார்கள், விடுபட்ட ஒரு நண்பரின் பெயரைச் சொல்வார்கள். அதற்கு ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். திருத்திய பிரதியின் முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, பழைய பிரதியை மாற்றிக்கொள்ளும்படி எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சேமிப்புக் கருவிகளைத் திறந்து கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கவும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றவும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். குடும்பத்தின் இளையவர்களில் ஒருவராக அவர் இருப்பது நல்லது.